குதிரைக்குப் பன்றியைப் பழக்கும்போது: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

மாதவரம் தாண்டி விளாங்காடுபாக்கம் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் இரண்டு குதிரைகள். ஒன்று கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்வரும் வெள்ளைக் குதிரை, பெயர் ராணி. இன்னொன்று வயதான செவலை, அதற்குச் செவலை என்பதே பெயர். போன வருஷம் நான்கு வெள்ளை யார்க்‌ஷயர் பன்றிக்குட்டிகளை வாங்கிவந்து இறக்கினோம். காதோரம் பேண்டு செட் அலறினாலும் காலடியில் சரவெடி வெடித்தாலும் அசையாத ராணி, 15 கிலோகூட இல்லாத ஒரு குட்டி 'உர்' என்றதும் வேலியோரம் போய் நடுங்கிக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த தப்புகளும், அவற்றைச் சரிசெய்த விதமும்தான் கீழே இருப்பவை. உங்கள் குதிரை எதைச் செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். தீவனம் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

ஒரு விஷயம் முன்கூட்டியே. 2011இல் மாதவரம், மணலி, திருவொற்றியூர் எல்லாம் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. அந்த எல்லைக்குள் நிலம் வைத்திருப்பவர்கள் குட்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மண்டல அலுவலகத்தில் பன்றி வளர்க்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குதிரையைப் பழக்கி முடித்த பிறகு பன்றியைத் தூக்கச் சொன்னால் பட்ட பாடெல்லாம் வீண்.

பன்றி கண்ணிலேயே படவில்லை, ஆனாலும் குதிரை லாயத்துக்குள் போகமாட்டேன் என்கிறது

கழுத்து நிமிர்ந்திருக்கும். இரண்டு காதும் ஒரே திசையில் குத்திட்டு நிற்கும். மூக்குத்துளை விரிந்து, இடையிடையே 'புர்ர்' என்று ஒரு சீறல் வரும். எல்லாம் வாடையால் வருவது. பன்றியையே அறியாத குதிரைக்கு அந்த வாடை எவ்வளவு பெரிய மிருகத்துடையது, அது தன்மேல் பாயுமா என்பதெல்லாம் தெரியாது. தெரியாத எதைக் கண்டாலும் குதிரை முதலில் ஓடும், தூரத்தில் போய் நின்ற பிறகுதான் திரும்பிப் பார்க்கும்.

இந்த நேரத்தில் பலரும் செய்வது, கயிற்றைப் பிடித்து இழுத்துப்போய்ப் பன்றிக் கொட்டகை முன்னால் நிறுத்தி, "பாரு, ஒண்ணும் இல்ல பாரு" என்பது. நாங்களும் அதைத்தான் செய்தோம். அதனால் ஒரு வாரம் வீணானது. முதலில் மூக்கு பழக வேண்டும், அடுத்து காது, கடைசியில்தான் கண்.

மூக்குக்குக் கோணிச் சாக்கு போதும். பன்றிகள் படுக்கும் இடத்தில் ஒரு சாக்கை இரண்டு நாள் போட்டு வையுங்கள். பிறகு அதை எடுத்துக் குதிரை மேயும் இடத்திலிருந்து 30 அடி தள்ளி வேலியில் தொங்கவிடுங்கள். குதிரை அவிழ்த்துவிடப்பட்டிருக்க வேண்டும், கட்டியிருக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் ஐந்தாறு அடி கிட்டே கொண்டுவாருங்கள். என்றைக்காவது ஒருநாள் அதுவாகவே வந்து சாக்கை முகர்ந்துவிட்டு, கழுத்தை நீட்டி மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டும். 'குதிரை சிரிக்குது' என்று நம் ஆட்கள் போன் எடுப்பார்கள். சிரிப்பெல்லாம் இல்லை, வாடையை வாயண்ணத்துக்கு மேலே இருக்கும் உறுப்புக்கு ஏற்றிப் படித்துப் பார்க்கிறது. ஓட வேண்டும் என்ற எண்ணம் போய், இது என்ன என்று பார்க்கும் எண்ணம் வந்துவிட்டது என்று அர்த்தம். ராணிக்கு அது ஒன்பதாம் நாள் வந்தது.

அமைதியாகிவிட்டதா என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நாடி பிடியுங்கள். தாடை எலும்பின் உள்பக்க விளிம்பில் பென்சில் கனத்துக்கு ஒரு ரத்தக்குழாய் விரலில் உருளும். அதில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் பெரிய குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். சாக்கு தொங்கவிட்டுப் பத்து நிமிஷம் கழித்தும் 60க்கு மேலே இருந்தால், சாக்கை நேற்று இருந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோவோம். இது எங்கள் வீட்டுக் கணக்குதான், ஆனால் எங்களைக் கைவிட்டதில்லை.

வாடைக்குப் பழகிவிட்டது, நேரில் பார்த்தால் பாய்கிறது

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டு. பின்பக்கத்துக்கு நேர் பின்னால் ஒன்று, நெற்றிக்கும் மூக்குக்கும் நேர் எதிரே ஒன்று. தாடைக்கு அடியிலும் சரியாகத் தெரியாது. பன்றிக்குட்டியோ தரையோடு தரையாக, நேராகவும் போகாமல் ஓடும் பிராணி. பத்தடி தூரத்தில் தெரிந்த குட்டி, மூக்குக்கு அடியில் வந்ததும் காணாமல் போகும், அடுத்த நொடி காலுக்குப் பக்கத்தில் முளைக்கும். மனிதனுக்கே தூக்கிவாரிப் போடும்.

அதனால் நேரில் காட்டும்போது பன்றி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதற்குச் சுலபமான வழி தொட்டி. இரண்டு வேலிகளுக்கு நடுவே 15 அடி இடைவெளி விட்டோம். பன்றிகளுக்குத் தீனி வைத்த பிறகுதான் குதிரைகளை அவிழ்த்துவிட்டோம். குதிரைக்கான புல்லுக்கட்டைத் தூரத்துக் கோடியில் வைத்து, தினமும் ஒரு கஜம் வேலிப் பக்கம் நகர்த்தினோம். எவ்வளவு கிட்டே வரலாம் என்பதைக் குதிரையே முடிவு செய்துகொள்ளும்.

செவலையை முதலில் விட்டதுதான் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம். வயதான குதிரை, எதையும் கண்டுகொள்ளாது. அது வேலியோரம் நின்று புல்லை மென்றுகொண்டிருக்க, ராணி நாற்பது அடி பின்னால் நின்று அதன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. செவலை வாலை ஒரு வீசு வீசியது, ஒரு காலை மடக்கி ஓய்வாக நின்றது. ராணி ஒரு அடி வைத்தது, நின்றது. பன்றிகளில் ஒன்று தொட்டியிலிருந்து தலையைத் தூக்கியது, மூக்கு நுனியில் தவிடு ஒட்டியிருந்தது. ராணி பின்வாங்கியது, ஆனால் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, வெறும் வாயை மென்றது. தலை தாழ்ந்தால் அன்றைய பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் கிட்டே போகட்டும் என்று ஆசைப்பட்டு நிற்காமல் அங்கேயே நிறுத்திக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

கையில் பிடித்து நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால் 12 அடிக் கயிறு வைத்துக்கொள்ளுங்கள், தோளுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, குதிரை பாய்ந்தால் விரல் போய்விடும். பன்றிக் கொட்டகைப் பக்கம் முளையடித்துக் கட்டிவிட்டுப் 'பழகட்டும்' என்று போவது எல்லாவற்றையும்விட மோசம். ஓட வழியில்லாத குதிரை கயிறு அறும்வரை இழுக்கும், இல்லையென்றால் கீழே விழும். அந்தப் பயம் அப்புறம் போகவே போகாது.

முகூர்த்த மாதங்களில் இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். தீபாவளி வாரத்திலும் வேண்டாம்.

பகலெல்லாம் சும்மா இருக்கிறது, விடியற்காலையில் ரகளை செய்கிறது

இது எங்களைப் பத்து நாள் குழப்பியது. பாம்பு வந்திருக்குமோ, நாய் நுழைந்திருக்குமோ என்று டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் காரணம் காற்று. நம் பக்கத்தில் வெயில் மாதங்களில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கேயிருந்து வரும். ராத்திரியும் விடியற்காலையும் நிலத்துக் காற்று மேற்கேயிருந்து வீசும். எங்கள் பன்றிக் கொட்டகை லாயத்துக்கு மேற்கே இருந்தது. மதியம் வாடையெல்லாம் எதிர்ப்பக்கம் போய்விடும், விடிகாலையில் மொத்தமும் லாயத்துக்குள் வந்து நிரம்பும்.

கொட்டகையை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் இதையே அளந்து கொடுக்கும் மருந்தாக வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் கடல்காற்று வீசும் நேரத்தில் மட்டும் குதிரையை அந்தப் பக்கம் விடுங்கள். அப்புறம் காலை நேரத்துக்கு மாற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காற்றின் போக்கே மாறிவிடும், மறுபடி இரண்டு நாள் தகராறு இருக்கும். பயப்பட வேண்டாம்.

காற்று காரணமில்லை என்றால் சத்தம். தீனி நேரத்தில் பன்றி போடும் கூச்சல் 100 டெசிபலைத் தாண்டும். நம்மைவிட அதிக சுருதிச் சத்தங்கள் குதிரைக்குக் கேட்கும் என்பதால் அதற்கு இன்னும் கொடுமை. குதிரைக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, அது வாயில் புல்லோடு இருக்கும்போது பன்றிக்கு வையுங்கள். நேரம் தவறக் கூடாது. கூச்சல் கேட்டால் நமக்கும் சாப்பாடு வந்திருக்கிறது என்று சீக்கிரமே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

குதிரை பன்றியைத் துரத்துகிறது

காது முன்னே குத்திட்டிருந்தால் ஆர்வம். பின்னால் மடங்கிக் கழுத்தோடு ஒட்டியிருந்தால் கோபம், ஒரு உதை போதும் குட்டி செத்துவிடும். உடனே பிரியுங்கள். இது பெரும்பாலும் தீனியின் பக்கத்தில்தான் நடக்கும். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. குட்டி போட்ட தாய்ப்பன்றி எதன்மேலும் பாயும், கோரைப்பல் வளர்ந்த கடாப் பன்றி குதிரையின் காலைக் கிழித்துவிடும். இந்த இரண்டையும் பழக்கவே முயற்சி செய்யாதீர்கள். பழக்குவதற்கு ஏற்றது பால் மறந்த, எட்டுப் பத்து வாரக் குட்டிகள்தான்.

குதிரை பன்றித் தீவனத்தைத் தின்றுவிட்டது

பயமெல்லாம் தீர்ந்து, இரண்டும் பழகிய பிறகுதான் இது வரும். முன்பு பன்றிப் பக்கமே போகாத குதிரை இப்போது பன்றித் தொட்டிக்குள் தலையை விடும்.

இதில் இரண்டு அபாயம் இருக்கிறது. முதலாவது மருந்து. சில கோழித் தீவனங்களிலும் மாட்டுத் தீவனங்களிலும் மோனென்சின், சலினோமைசின் போன்றவற்றைக் கலப்பார்கள். அந்தப் பிராணிகளுக்கு நல்லது, குதிரையின் இதயத் தசைக்கோ நஞ்சு. கோழிகளில் பாதியைக் கொல்லவே கிலோ எடைக்குச் சுமார் 200 மில்லிகிராம் தேவைப்படும் மோனென்சின், குதிரையைக் கிலோ எடைக்கு 2, 3 மில்லிகிராமிலேயே கொன்றுவிடும். 350 கிலோ குதிரைக்கு ஒரு கிராமே போதும். பன்றிக்குக் கொடுக்கும் லின்கோமைசினும் குதிரைக்கு ஆகாது, குடல் வெந்து பேதியாகும். பாதி விலைக்கு வருகிறது என்று கோழிப்பண்ணை மிச்சத் தீவனம் வாங்கிப் பன்றிக்குப் போடுகிறவர்கள் நம் பக்கம் உண்டு. குதிரை இருக்கும் வீட்டில் அந்த மூட்டையை உள்ளே விடாதீர்கள். வாங்கும் எந்த மூட்டையானாலும் அதில் தைத்திருக்கும் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள், சீட்டு இல்லாத மூட்டை வேண்டாம்.

இரண்டாவது, மருந்தே கலக்காத தவிடும் மக்காச்சோள மாவும் கழனித்தண்ணிச் சோறும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடம்புக்கு வயிறும் சின்னது. உள்ளே போனது புளித்து ஊதினால் மேலே வர வழியில்லை. முன்காலால் தரையைப் பறண்டும், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், படுக்கும், எழும், உருளும், வியர்க்கும், லத்தி போடாது. அப்புறம் இரண்டு மூன்று நாளில் குளம்பில் சூடேறி, எடையைப் பின்னங்காலுக்குத் தள்ளிக்கொண்டு நொண்டும்.

தின்றதைப் பார்த்ததுமே, அறிகுறி வரும்வரை காத்திருக்காமல், இதைச் செய்யுங்கள். மிச்சத் தீனி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எவ்வளவு போயிருக்கும், எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். மூட்டைச் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள், அல்லது 1962க்கு அடியுங்கள், அது கால்நடை அவசர எண். பெரிய பிரச்சினை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே ஏற்றிக்கொண்டு போகலாம், 1903இலிருந்து இருக்கும் கல்லூரி. மோனென்சின் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் குதிரையை நடத்தவும் கூடாது, இதயம் தாங்காது.

தெரிந்த பெரியவர் யாராவது மூங்கில் குழாயோடு வந்து, "தம்பி, அரை லிட்டர் நல்லெண்ணெய ஊத்து, தானா சரியாயிடும்" என்பார். மரியாதையாக டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுங்கள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். வயிற்றுவலியோடு நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும்.

எங்களுக்கு இது ஒருமுறை நடந்தது. கொட்டகைக் கதவின் கொக்கியை ராணி உதட்டால் தூக்கிவிட்டது. தவிடுதான், ஒரு படிக்கு மேல் இருக்காது, தப்பித்தது. இப்போது அந்தக் கதவில் பூட்டு தொங்குகிறது. தொட்டியின் மேல் ஒன்றரை அடி உயரத்தில் இரும்புக் குழாய்ச் சட்டம் அடித்திருக்கிறோம். பன்றியின் தலை போகும், குதிரையின் தலை போகாது.

வால்முடி குறைந்துகொண்டே வருகிறது

பன்றி கடிக்கிறது. குதிரை படுத்திருக்கும்போது வந்து மெல்லும். ராத்திரி ஒன்றாக விடாதீர்கள். குதிரை லத்தியையும் பன்றி தின்னும், அதற்கு ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் அருவருப்பு.

குதிரை நொண்டுகிறது, காயம் எதுவும் இல்லை

தரையைப் பாருங்கள். பன்றி மூக்கால் முண்டிய குழியில் கால் மடங்கியிருக்கும். எங்கள் களிமண் மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் முழங்கால் ஆழத்துக்குக் குழியாகிவிடும். பன்றி கிண்டிய நிலத்தைச் சமப்படுத்திக் காயவிட்டு, அப்புறம்தான் குதிரையை விட வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் ஒரே நிலத்தில் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வேலிக்கு முள்கம்பி வேண்டாம், பயந்த குதிரை அதில் தோலை உரித்துக்கொள்ளும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துச் சவுக்குக் கம்பு மலிவு, அதையே நெருக்கமாக அடியுங்கள். கீழ்க் கம்பு தரையில் ஒரு சாண் புதைந்திருந்தால்தான் பன்றி அடியில் தோண்டி வராது. வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் விடுவது குற்றம், ஆள் செத்துவிடுவார். குதிரைக்கு டெட்டனஸ் ஊசி தவறவே கூடாது. ஆணிக் கீறலிலேயே போய்விடும் பிராணி அது.

காய்ச்சல், தள்ளாட்டம், கண்ணில் நீர்

இதைப் பழக்கத் தகராறு என்று நினைத்து நாள் கடத்தாதீர்கள்.

பன்றிக்கு வியர்க்காது, அதனால் சித்திரை, வைகாசியில் சேற்றுக் குட்டை இல்லாமல் இருக்காது. குட்டையில் கொசு வரும். க்யூலெக்ஸ் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றி உடம்பில் பல்கிப் பெருகும், பன்றிக்கோ பெரும்பாலும் வெளியே தெரியாது. கொக்கு, நாரைகளிடமும் அது இருக்கும், புழல் ஏரிப் பக்கம் அவற்றுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கொசு குதிரையையும் மனிதரையும் கடித்தால் மூளையைத் தாக்கலாம். இந்தியாவில் இந்த நோய் முதலில் தெரியவந்ததே நம் வேலூரில், 1955இல். குட்டையில் தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வடித்து மாற்றுங்கள். லாயத்துக்குச் சாயங்காலமே வலை போடுங்கள். கொட்டகையை நிலம் இடம் கொடுக்கும் அளவுக்குத் தள்ளி வையுங்கள். காய்ச்சலோடு தள்ளாடும் குதிரைக்கு அன்றைக்கே மருத்துவர் வர வேண்டும். ஓய்வில் அதன் உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம், அதற்கு மேல் போனால் காய்ச்சல்.

ஒரு கண் மட்டும் கூசி, நீர் வடிந்து, பால் படிந்த மாதிரி இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமியாக இருக்கலாம். பன்றி மூத்திரத்திலும் எலி மூத்திரத்திலும் இருந்து தண்ணீர் வழியாக வரும். புழல் உபரிநீர் ஏறும் மாதங்களில் இரண்டுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி இருக்கவே கூடாது. நீங்களும் செருப்பில்லாமல் அந்தத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

குதிரை பழகிவிட்டது, ஆள் வரமாட்டேன் என்கிறார்

லாடம் அடிக்கவும் ஊர்வலத்துக்கு ராணியைப் பிடிக்கவும் ராயபுரத்திலிருந்து ஒரு பாய் வருவார். என் அப்பா காலத்திலிருந்தே வருகிறவர். குட்டிகள் வந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. கேட்டருகே வந்தவர் நின்றுவிட்டார். "சொல்லியிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னார். தப்பு என்மேல்தான்.

பிறகு இரண்டு வழியாகப் பிரித்தோம். லாயத்துக்குத் தெற்கே தனிக் கேட். அங்கே இருக்கும் வாளி, மண்வெட்டி, துடைப்பம் எதுவும் பன்றிப் பக்கம் போகாது, அங்கிருந்தும் இங்கே வராது. ராணிக்கான கயிறும் சேணமும் தனிப் பெட்டியில். பன்றி வேலை பார்க்கும் நானும் என் மச்சானும் கைகால் கழுவி, சட்டை மாற்றாமல் குதிரையைத் தொடுவதில்லை. பாய் இரண்டு வாரம் கழித்து வந்தார். கிருமி பரவாமல் தடுக்க மருத்துவரும் இதே ஏற்பாட்டைத்தான் சொல்லியிருந்தார், நான்தான் முன்பு சோம்பல்பட்டு விட்டிருந்தேன்.

எல்லாம் நன்றாகப் பழகிவிட்டது, வேலியைப் பிரித்துவிடலாமா?

வேண்டாம். நல்ல யார்க்‌ஷயர் 250 கிலோவைத் தாண்டும், இன்று காலிடுக்கில் ஓடும் குட்டி அடுத்த வருஷம் குதிரையைத் தள்ளிவிட்டுத் தொட்டிக்கு வரும். ராணியும் பன்றிகளும் இப்போது வேலிக்கு இரண்டு பக்கமும் மூக்கை உரசிக்கொள்கின்றன, அதற்கு மேல் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

மூன்று மாதமாகியும் குதிரைக்கு வியர்வையும் நடுக்கமும் நிற்கவில்லை, எடையும் இறங்குகிறது என்றால் பன்றியைக் கொடுத்துவிடுங்கள். குட்டிகளுக்கு ஆள் கிடைக்கும். எங்கள் நான்கில் இரண்டு இப்போது சோழவரம் பக்கம் ஒருவரிடம் இருக்கின்றன, அவரிடம் குதிரை இல்லை.